பயனியர் புதிரும் கணிப்பொறிக் கணக்கும்: ஒரு திறனாய்வு

வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் மூன்று என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. முதல் இரண்டிற்கும் இடையே ஏதேனும் ஒரு பொருள் வேண்டும். மூன்றாவதற்கு எதுவும் வேண்டியதில்லை. சூரியனின் வெப்பம் பதினைந்து கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து நம் முற்றத்து வடகத்தைக் காய வைப்பது இந்த மூன்றாவது வழியில்தான்.

தேர்வு முடிந்ததும் பெரும்பாலோர் இதை மறந்துவிடுகின்றனர். அன்றாட வாழ்வில் மற்ற இரண்டு வழிகளும் ஓங்கி நிற்பதால், கதிர்வீச்சைச் சிறு திருத்தமாக எண்ணி ஒதுக்கும் பழக்கம் பொறியியல் மாணவர்களிடமும் உண்டு. ஆயின் அந்தச் சிறு திருத்தத்தில் எழுந்த ஐயம், ஈர்ப்பு விதியையே மாற்றி எழுத வேண்டுமோ என்று அறிஞர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் எண்ண வைத்தது. அதுவே பயனியர் புதிர். இறுதியில் அதற்கு விடை கூறியவை வெப்பக் கதிர்வீச்சைக் கணக்கிடும் கணிப்பொறி நிரல்கள். அந்த விடை எவ்வளவு உறுதியானது? அதை நாம் ஏன் நம்ப வேண்டும், எங்கே நம்பத் தயங்க வேண்டும்? இக்கட்டுரையில் நாம் ஆராயப்போவது இதைத்தான்.

புதிர் எழுந்த கதை

அமெரிக்காவின் பயனியர் 10 விண்கலம் 1972 மார்ச்சிலும், பயனியர் 11 விண்கலம் 1973 ஏப்ரலிலும் ஏவப்பட்டன. வியாழனை முதலில் நெருங்கியது பயனியர் 10. சனியை முதலில் நெருங்கியது பயனியர் 11. பணி முடிந்த பின்னும் இரு கலங்களும் சூரிய மண்டலத்தின் எல்லையை நோக்கிச் சென்றுகொண்டே இருந்தன. பூமியிலிருந்து அனுப்பும் வானொலி அலையைக் கலம் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு கலத்தின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். நம்மைக் கடந்து செல்லும் இரயிலின் ஊதல் ஒலி மாறுவதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவுதான் இது.

இவ்வாறு கணித்தபோது ஒன்று தெரிய வந்தது. சூரியன், கோள்கள் ஆகியவற்றின் ஈர்ப்பையெல்லாம் கணக்கில் கொண்ட பின்னும், கலங்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிதளவு கூடுதலாகச் சூரியனை நோக்கி இழுக்கப்பட்டன. அக்கூடுதல் முடுக்கம் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் சற்றுக் குறைவு. ஜான் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 1998-இல் இதை வெளியிட்டனர்.

இவ்வளவு சிறிய அளவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். சுமார் 250 கிலோகிராம் நிறையுள்ள கலத்தின் மீது இந்த முடுக்கத்தை உண்டாக்கத் தேவையான விசை, கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணல் துகளின் எடைக்குச் சமம். ஆனால் வெற்றிடத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அது இடைவிடாமல் செயற்பட்டால் ஓராண்டில் கலம் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். பின்தங்கும் தொலைவு காலத்தின் இருமடிப்படி பெருகுவதால், பத்தாண்டில் அது நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். தெரியாத ஏதோ ஒன்று இதைச் செய்கிறது என்றால், அது என்ன? ஈர்ப்பு விதி பெருந்தொலைவில் மாறுகிறதா? கண்ணுக்குத் தெரியாத பொருள் சூரிய மண்டலத்தில் நிறைந்துள்ளதா? கலத்திலிருந்து வாயு கசிகிறதா? இப்படி விளக்கங்கள் குவிந்தன. அவற்றுள் ஒன்று, கலத்தின் சொந்த வெப்பமே அதைத் தள்ளுகிறது என்பது.

வெப்பம் தள்ளுமா?

தள்ளும். ஒளிக்கும் வெப்பக் கதிருக்கும் உந்தம் உண்டு. துப்பாக்கியிலிருந்து குண்டு வெளியேறும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது போல, வெப்பக் கதிர் ஒரு பக்கமாக வெளியேறினால் வெளியிட்ட பொருள் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். ஒரு வாட் ஆற்றல் ஒரே திசையில் வெளியேறினால் உண்டாகும் விசை, ஒரு வாட்டை ஒளியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது. பயனியர் புதிரை விளக்க இவ்வாறு ஏறத்தாழ 63 வாட் போதும். நம் வீட்டில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆற்றல் முழுவதும் ஒரே திசையில் சென்றால் போதும்.

பயனியரில் வெப்பத்திற்குப் பஞ்சமில்லை. சூரியனிலிருந்து வெகுதொலைவில் சூரிய மின்கலங்கள் பயன்படா என்பதால், புளூட்டோனியத்தின் கதிரியக்க வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் நான்கு மின்னாக்கிகளைக் கலத்திலிருந்து நீண்ட கம்பங்களின் முனையில் பொருத்தியிருந்தனர். ஏவியபோது அவை வெளியிட்ட மொத்த வெப்பம் 2,500 வாட்டுக்கு மேல். அதில் 160 வாட் அளவே மின்சாரமாக மாறியது. அந்த மின்சாரமும் கருவிகளில் செலவாகி, பெரும்பகுதி மீண்டும் வெப்பமாகவே வெளியேறியது. இந்த மொத்த வெப்பத்தில் 2.5 விழுக்காடு ஒருபக்கமாகச் சாய்ந்து வெளியேறியிருந்தால் புதிர் தீர்ந்தது.

அப்படிச் சாய்வதற்குக் காரணமும் உண்டு. கலத்தின் பூமியை நோக்கிய பக்கத்தில் 2.74 மீட்டர் குறுக்களவுள்ள கிண்ண வடிவ ஆன்டெனா இருந்தது. மின்னாக்கிகளின் வெப்பத்தில் ஒரு பகுதி இந்தக் கிண்ணத்தின் முதுகில் பட்டு, சூரியனுக்கு எதிர்த் திசையில் திரும்பிச் செல்லும். கருவிப் பெட்டியின் வெப்பமும், முன்பக்கத்தைக் கிண்ணம் மறைத்திருப்பதால், பெரும்பாலும் பின்பக்கமாகவே வெளியேறும். அங்கேதான் வெப்பத்தை வெளிவிடுவதற்கான திறந்து மூடும் தகடுகளும் இருந்தன. ஆகவே கலம் சூரியனை நோக்கித் தள்ளப்படும். கலம் தன் அச்சில் சுழன்றுகொண்டிருந்தமையால் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அச்சின் வழிச் செல்லும் விசை மட்டுமே எஞ்சும்.

1999-இல் எட்வர்ட் மர்ஃபியும் ஜொனாதன் கட்ஸும் இக்கருத்தைத் தனித்தனியே எடுத்துரைத்தனர். 2003-இல் லூயிஸ் ஷெஃபர் இன்னும் விரிவாக வாதிட்டார். ஆண்டர்சன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில் இதை ஏற்கவில்லை. மின்னாக்கிகள் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே கதிர் வீசுகின்றன என்றனர். கதிரியக்கம் ஆண்டுதோறும் குறைந்துவரும்போது முடுக்கம் மட்டும் மாறாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டினர். இரு தரப்பும் நேர்மையானவை. இரண்டும் செய்தது ஒன்றே: தாளில் போட்ட தோராயக் கணக்கு. நூற்றில் இரண்டரைப் பங்கு எந்தப் பக்கம் செல்கிறது என்ற கேள்விக்குத் தோராயக் கணக்கால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவேதான் கணிப்பொறியின் உதவி தேவைப்பட்டது.

கணிப்பொறி என்ன செய்கிறது?

இரு திடப்பொருள்களுக்கிடையே கதிர்வீச்சால் எவ்வளவு வெப்பம் பரிமாறப்படும் என்று அறிய மூன்று செய்திகள் வேண்டும்.

முதலாவது, வெப்பநிலை. ஒரு பரப்பு வீசும் ஆற்றல் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஸ்டெஃபான் 1879-இல் இதைக் கண்டார். போல்ட்ஸ்மான் 1884-இல் நிறுவினார். 300 கெல்வினில் ஒரு சதுரமீட்டர் கரும்பொருள் வீசுவது சுமார் 460 வாட். வெப்பநிலை இரு மடங்கானால் இது பதினாறு மடங்காகும்.

இரண்டாவது, உமிழ்திறன். ஒரே வெப்பநிலையில் கரும்பொருளோடு ஒப்பிட ஒரு பரப்பு எத்தனை பங்கு வீசுகிறது என்பதை இது குறிக்கும். பளபளப்பான அலுமினியத்திற்கு இது 0.05 அளவே. இங்கே நம் கண் நம்மை ஏமாற்றும். சாதாரண வெப்பநிலையில் பொருள்கள் வீசும் கதிரின் அலைநீளம் பத்து மைக்ரான் அளவில் உள்ளது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அந்த அலைநீளத்தில் வெள்ளை வண்ணப்பூச்சின் உமிழ்திறனும் கறுப்பு வண்ணப்பூச்சின் உமிழ்திறனும் ஏறத்தாழ ஒன்றே, இரண்டும் 0.9-ஐ ஒட்டியவை. கண்ணுக்கு வெண்மையாகத் தெரிவது வெப்பக் கதிருக்குக் கறுப்பு.

மூன்றாவது, பார்வைக் காரணி. ஒரு பரப்பிலிருந்து புறப்படும் கதிரில் எத்தனை பங்கு மற்றொரு பரப்பைச் சென்று சேர்கிறது என்பதே அது. இது முற்றிலும் வடிவியல் சார்ந்தது. ஒரு பரப்பு மற்றொன்றை எவ்வளவு அகலமாகவும் எந்தச் சாய்விலும் ‘பார்க்கிறது’ என்பதைப் பொறுத்தது. இடையில் மூன்றாவது பொருள் மறைத்தால் அதையும் கழிக்க வேண்டும்.

எளிய வடிவங்களுக்கு இவற்றைக் கையாலேயே கணக்கிடலாம். கலம் போன்ற சிக்கலான உருவத்தை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஆயிரம் கூறுகள் என்றால், ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றையும் பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டிய இணைகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம். பத்தாயிரம் என்றால் ஐந்து கோடி. கூறுகள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது. கம்பியில் வெப்பம் கடத்தப்படுவதைக் கணக்கிடும்போது ஒரு கூறு தன் அண்டை வீட்டுக்காரரோடு மட்டுமே பேசும். கதிர்வீச்சிலோ தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பேசுகிறது! இதனால்தான் பொறியியல் மென்பொருள்களில் கதிர்வீச்சுப் பகுதி மிக மெதுவாக ஓடுகிறது. அந்த அலுப்பால்தான் பலர் அதை அணைத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்கின்றனர்.

இன்னொரு வழியும் உண்டு. பரப்பிலிருந்து பல இலட்சம் கதிர்களைக் குருட்டாம்போக்கில் புறப்படச் செய்து, ஒவ்வொன்றும் எங்கே பட்டு எங்கே திரும்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்வது. பளபளப்பான பரப்புகள் இருக்கும்போது இவ்வழியே சிறந்தது.

இங்கே ஒரு சுவையான உறவு இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், ஓர் அறையில் ஒளி எவ்வாறு பரவும் என்று கணிப்பொறியில் படம் வரைய, வெப்பப் பொறியாளர்களின் பார்வைக் காரணி முறையைக் கடன் வாங்கினர். இன்று திரைப்படங்களில் நாம் காணும் கணிப்பொறிக் காட்சிகளின் மூதாதைகளுள் அதுவும் ஒன்று. கொடுத்த கடன் பயனியர் கதையில் திரும்பி வந்தது என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

மூன்று கணக்குகள்

பயனியர் புதிரை ஆராய மூன்று குழுக்கள் மூன்று விதமாகக் கணக்கிட்டன.

ஜெர்மனியின் பிரெமன் நகரில் பென்னி ரீவர்ஸும் கிளாவுஸ் லெமர்ட்சாலும் கலத்தின் முழு உருவத்தையும் கணிப்பொறியில் சிறு கூறுகளாக அமைத்தனர். பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஆன்சிஸ் மென்பொருளால் ஒவ்வொரு கூறின் வெப்பநிலையையும் கண்டனர். பிறகு கதிர்களைப் பின்தொடரும் முறையில் தள்ளுவிசையைக் கணித்தனர்.

போர்ச்சுகலில் ஓர்ஃபியூ பெர்த்தொலாமியும் தோழர்களும் எதிர்வழியில் சென்றனர். முழு உருவத்தையும் அமைக்காமல், வெப்பம் வெளிவரும் இடங்களைச் சில புள்ளிகளாகவே கொண்டனர். எதிரொளிப்பைக் கணக்கிட, வியட்நாமில் பிறந்த பூய் துவோங் போங் 1970-களில் கணிப்பொறிப் படங்களுக்குப் பளபளப்பு ஏற்றுவதற்காக வகுத்த சூத்திரத்தைப் பயன்படுத்தினர். அன்று கொடுத்த கடன் இவ்வாறு வட்டியோடு திரும்பியது. தெரியாத அளவுகளைப் பல்லாயிரம் முறை குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிப் போட்டு, விடை எவ்வளவு அசைகிறது என்றும் பார்த்தனர்.

மூன்றாவது, கலிபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்லாவா துரிஷேவ், கணிப்பொறி வல்லுநர் விக்டர் டோத் முதலியோர் 2012-இல் வெளியிட்ட கணக்கு. இவர்கள் பழைய வடிவமைப்பு ஆவணங்களையும், கலம் அனுப்பிய வெப்பநிலை, மின்னோட்ட அளவுகளையும் தேடி எடுத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளை இன்றைய கணிப்பொறிகள் படிக்கும்படி மீட்பதே ஒரு பெரும் பணியாயிற்று. கலம் உண்மையில் அனுப்பிய அளவுகளையே எல்லை நிபந்தனைகளாக வைத்து வெப்ப மாதிரியை ஓட்டினர். மின்னாக்கி வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கும், உடற்பகுதிக் கருவிகளின் வெப்பத்தில் நூற்றில் நாற்பது பங்கும் சூரியனை நோக்கிய தள்ளலாகப் பயன்படுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. வெப்பத்தை முறையாகக் கணக்கில் கொண்டால் விளக்க முடியாத முடுக்கம் எதுவும் எஞ்சவில்லை என்று முடித்தனர்.

பாராட்ட வேண்டியவை

இக்கணக்குகளில் நாம் மெச்சத்தக்கவை மூன்று.

முதலாவது, துரிஷேவ் குழு இரண்டு வழிகளில் ஒரே இடத்திற்கு வந்தது. வெப்ப மாதிரியிலிருந்து மேற்கண்ட இரு பங்குகளையும் கணித்தது ஒரு வழி. வெப்பத்தைப் பற்றி எதுவும் கூறாத டாப்ளர் அளவீடுகளிலிருந்து அதே இரு பங்குகளையும் பிரித்தெடுத்தது மற்றொரு வழி. டாப்ளர் வழியில் கிடைத்த மதிப்புகள் சற்றே மிகுதி. ஆயினும் வேறுபாடு பிழை எல்லைக்குள் அடங்கியது. சாட்சிகள் இருவரைத் தனித்தனி அறையில் விசாரித்து, இருவரும் ஒரே கதையைச் சொன்னால் அது நம்பத்தக்கது அல்லவா?

இரண்டாவது, பழைய மறுப்புக்கு நேரான விடை. வெப்பம் குறையும்போது முடுக்கமும் குறைய வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. மேலும் நீண்ட காலத்து அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது முடுக்கம் மெல்லக் குறைந்துவருவதாகவே கொள்ள இடமிருந்தது. புளூட்டோனியத்தின் அரைவாழ்வு 87.7 ஆண்டு, முப்பது ஆண்டில் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறையும். முதலில் எடுத்துக்கொண்ட குறுகிய காலப்பகுதியில் இந்த மெதுவான இறக்கம் மாறாத ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மூன்றாவது, போர்ச்சுகல் குழுவின் அடக்கம். அவர்கள் அழகிய வண்ணப் படத்தைத் தேடவில்லை. தெரியாதது எவ்வளவு, அதனால் விடை எவ்வளவு ஆடும் என்பதைத் தேடினர். எளிய மாதிரி பல முறை ஓடும். சிக்கலான மாதிரி ஒரு முறை ஓடவே திணறும். தெரியாதவை மிகுந்த இடத்தில் எளிய மாதிரிக்கும் இடமுண்டு என்பதை அவர்கள் காட்டினர். பொறியியல் மாணவர்கள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்பேன்.

ஏற்கத் தயங்க வேண்டியவை

குறைகளையும் கூற வேண்டும். புகழ்ச்சி மட்டும் திறனாய்வு ஆகாது.

முதற்குறை வண்ணப்பூச்சில் இருக்கிறது. மின்னாக்கிகளின் மேல் பூசிய வெள்ளைப் பூச்சு, ஆண்டுக்கணக்கில் விண்வெளியில் இருந்தபின் எந்த நிலையில் இருந்தது? சூரியனை நோக்கிய பக்கம் மறுபக்கத்தைவிட அதிகம் சிதைந்திருக்கலாம். இரு பக்கத்து உமிழ்திறனும் சிறிது வேறுபட்டாலே இரண்டாயிரம் வாட்டில் பல வாட்டுகள் பக்கம் மாறிவிடும். கலங்கள் திரும்பி வரப்போவதில்லை. யாரும் அதை அளக்கவும் முடியாது. துரிஷேவ் குழுவினரே இதைப் பெரிய ஐயமாக ஒப்புக்கொண்டு, தம் பிழை எல்லையை அதற்கேற்ப அகலமாக வைத்தனர். இது நேர்மை. ஆயின் ‘எதுவும் எஞ்சவில்லை’ என்ற முடிவின் பொருளையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அகன்ற வலையில் மீன் அகப்பட்டது என்பதே அதன் பொருள். வலை அகலம் என்பதை மறந்து மீனை மட்டும் பேசுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இரண்டாவது குறை, இரு சாட்சிகளின் தனித்தன்மை பற்றியது. டாப்ளர் அளவீட்டிலிருந்து மின்னாக்கி வெப்பத்தின் பங்கையும் கருவி வெப்பத்தின் பங்கையும் பிரிக்க வேண்டும். இரண்டும் காலப்போக்கில் குறைபவை. இரண்டு பாடகர் ஏறத்தாழ ஒரே சுருதியில் பாடினால் எந்தக் குரல் யாருடையது என்று பிரிப்பது கடினம். இங்கும் கூட்டுத்தொகை உறுதியாகத் தெரிகிறது. பங்கீடு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

மூன்றாவது குறையே முக்கியமானது. மூன்று குழுக்களுக்கும் கணக்கைத் தொடங்குமுன்பே விடை தெரியும். எந்த எண் வர வேண்டும் என்பது 1998-இலேயே அச்சாகிவிட்டது. விடை தெரிந்த கணக்கில், எண் சரியாக வரும் வரை பிழையைத் தேடுவோம். சரியாக வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவோம். இது மனித இயல்பு, வஞ்சகமன்று. மேலும் மூன்று குழுக்களும் ஒரே கலத்தின் ஒரே வடிவமைப்புச் செய்திகளையே நம்பின. அந்தச் செய்திகளில் ஒரு தவறு இருந்தால் மூன்று கணக்குகளிலும் அதே தவறு இருக்கும். ‘மூன்று குழுக்கள் தனித்தனியே நிறுவின’ என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்படியானால் என் தீர்ப்பு யாது? புதிர் தீர்ந்தது என்றே கருதுகிறேன். கணிப்பொறி நுணுக்கமாகக் கணக்கிட்டது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வெப்பத்தின் திசை பொருந்துகிறது; அளவு பொருந்துகிறது; குறையும் போக்கும் பொருந்துகிறது. மூன்றும் ஒருங்கே பொருந்தும்போது, விதியைத் திருத்து என்று கேட்பவரிடமே இனி மெய்ப்பிக்கும் பொறுப்பு சேர்கிறது. எளிய விளக்கம் இருக்கையில் புதிய இயற்பியலைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதேசமயம், ‘கணிப்பொறி புதிரை விடுவித்தது’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். விடுவித்தவை பழைய பதிவுகளும், அவற்றைத் தேடி எடுத்தவர்களின் பொறுமையும், ஐயத்தை மறைக்காத பிழை எல்லைகளும். கணிப்பொறி அவர்களுக்கு நல்ல எழுத்தராக இருந்தது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

இன்று வெப்பக் கணக்குக்கான மென்பொருள்கள் பல கல்லூரிகளில் உள்ளன. உருவத்தை வரைந்து, எண்களைப் புகுத்தி, பொத்தானை அழுத்தினால் சிவப்பும் நீலமுமாக அழகிய படம் வரும். அந்தப் படத்தை அப்படியே ஏட்டில் ஒட்டிவிடும் மாணவர் பலர். பயனியர் கதை கற்பிக்கும் பாடத்தை அவர்களுக்காகச் சில சோதனைகளாகத் தருகிறேன்.

முதலில், வெப்பநிலையை எந்த அளவில் கொடுத்தீர்கள்? 100 செல்சியசில் ஒரு கரும்பரப்பும், எதிரே அதை முழுவதும் மறைத்து 27 செல்சியசில் மற்றொரு கரும்பரப்பும் இருக்கட்டும். கெல்வினாக மாற்றிக் கணக்கிட்டால் ஒரு சதுரமீட்டருக்குச் சுமார் 640 வாட் செல்லும். மாற்றாமல் செல்சியஸ் எண்களையே நான்காம் படிக்கு உயர்த்தினால் ஆறு வாட்கூட வராது. நூறு மடங்குப் பிழை! ஆனால் படத்தின் வண்ணங்கள் அப்போதும் அழகாகவே இருக்கும்.

இரண்டாவது, பார்வைக் காரணிகளைக் கூட்டிப் பாருங்கள். மூடிய இடத்தில் ஒரு பரப்பிலிருந்து புறப்படும் கதிர் முழுவதும் எங்கேனும் சேர்ந்தாக வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றாக வேண்டும். கனசதுரப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகம் மற்ற ஐந்து முகங்களையும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றையும் 0.2 என்ற அளவில் பார்க்கிறது. ஐந்து முறை 0.2 என்றால் ஒன்று. உங்கள் மென்பொருள் இந்த எளிய பெட்டிக்கு இவ்விடையைத் தராவிட்டால், விண்கலத்தை அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.

மூன்றாவது, உமிழ்திறனை எங்கிருந்து எடுத்தீர்கள்? பளபளப்பான இரு உலோகத் தகடுகள் நெருங்கி எதிரெதிரே நிற்கின்றன. இரண்டின் உமிழ்திறனும் 0.04 என்பதற்குப் பதிலாக 0.05 என்று கொடுத்துவிட்டால் செல்லும் வெப்பம் நூற்றுக்கு இருபத்தைந்து மிகும். இரண்டாவது தசம இடத்தில் ஓர் இலக்கம்தான் மாறியது. கைவிரல் ரேகை பட்ட தகட்டிலேயே அந்த மாற்றம் வரலாம். அட்டவணையில் அச்சிட்ட எண் தூய்மையான தகட்டிற்குரியது. உங்கள் தகடு எத்தகையது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது, கூறுகளை இன்னும் சிறிதாக்கி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் முதல் விடை பொருளைப் பற்றியது அன்று. நீங்கள் பொருளை வெட்டிய விதத்தைப் பற்றியது.

ஐந்தாவது, அறியாத ஒவ்வோர் எண்ணையும் சிறிது கூட்டியும் குறைத்தும் பாருங்கள். விடை எவ்வளவு ஆடுகிறதோ அதையும் விடையோடு சேர்த்தே எழுதுங்கள். போர்ச்சுகல் குழு செய்தது இதைத்தான். வண்ணப் படத்தில் ஐயத்தைக் காட்ட வண்ணம் இல்லை. ஆகவே அதை எழுத்தில்தான் காட்ட வேண்டும்.

பயனியர் 10-இன் கடைசி மெல்லிய குறியொலி 2003 ஜனவரியில் பூமிக்கு எட்டியது. அதன் புளூட்டோனியம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. அந்தச் சூடு இன்னும் கலத்தை மெல்லச் சூரியனை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதை அளந்து சொல்ல இனிக் கலத்தால் இயலாது. அளக்க முடிந்த காலத்தில் அனுப்பிய எண்களைச் சிலர் தூக்கி எறியாமல் காத்து வைத்தனர். கணிப்பொறிக்கு எண்களைக் கொடுக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பழக்கத்தை முதலில் கற்றுக்கொள்வாராக.